ஆண்டு நிதியும் நீண்டகால ஆய்வும்: ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவ ஆராய்ச்சி மானியங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் உலகின் மருத்துவ அறிவு வளர்ச்சியில் ஐக்கிய அமெரிக்காவின் பங்கு தலையாயது. அந்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் நிகழும் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாக நிற்பவை தேசிய சுகாதார நிறுவகங்கள் என்னும் அரச அமைப்பு வழங்கும் மானியங்களாகும். இம்மானியங்களின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் தொகையையே அளவுகோலாகக் கொள்வர். தொகை பெருகிய காலம் வளர்ச்சிக் காலம் எனவும், அது சுருங்கிய காலம் வீழ்ச்சிக் காலம் எனவும் அவர்கள் பாகுபடுத்துவர். இப்பாகுபாட்டில் உண்மை உண்டாயினும் அது முழுமையானதன்று. தொகை இருமடங்காகப் பெருகியதன் பின்னரே இளம் ஆய்வாளர் பெரும் இடர்ப்பாட்டுக்குள்ளான காலமொன்று இவ்வரலாற்றில் உண்டு. ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை குறையாதிருக்கவும் புதிய மானியங்களின் எண்ணிக்கை வீழ்ந்த வேளைகளும் உண்டு. தொகையை மட்டும் நோக்கும் வரலாறு இவற்றை விளக்கமாட்டாது.

இவற்றை விளக்கவல்லது மானியத்தின் இயல்பிலேயே அமைந்துள்ள ஒரு முரண்பாடாகும். ஆய்வு மானியமொன்று பெரும்பாலும் மூன்று தொடக்கம் ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. ஆனால் அந்நாட்டின் கொங்கிரஸ் அவை அதற்கான நிதியை ஆண்டுதோறும் புதிதாகவே ஒதுக்குகின்றது. ஆகவே ஒவ்வொரு மானியமும், வருங்காலத்தில் கிடைக்குமென எதிர்பார்க்கப்படும் பணத்தின்மேல் இன்று எழுதிக் கொடுக்கப்படும் வாக்குறுதியாகின்றது. அரசின் நிதிக் கொள்கை மாறும்போதெல்லாம் அம்மாற்றம் ஆராய்ச்சியைச் சென்று தாக்குமிடம் இவ்வாக்குறுதியே. இவ்வாக்குறுதி எவ்வாறு உருவாயிற்று, எவ்வெவ் வேளைகளில் அது தளர்ந்தது, அத்தளர்ச்சியின் சுமையை யார் தாங்கினர் என்பவற்றை 1887 தொடக்கம் 2025 வரையான நிகழ்ச்சிகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்க நிலை

1887 ஆம் ஆண்டு நியூயோர்க் துறைமுகத்தை அடுத்த ஸ்ரற்றன் தீவிலே, கடற்படையினரல்லாத வணிகக் கப்பல் மாலுமிகளுக்கென அரசு நடத்திய வைத்தியசாலையில், ஜோசப் கின்யுன் என்னும் இளம் வைத்தியர் ஒற்றை அறையில் ஆய்வுகூடமொன்றை அமைத்தார். கப்பல்களில் வந்திறங்குவோரிடையே கொலரா முதலிய தொற்றுநோய்களைக் கண்டறிவதே அதன் பணி. 1891 இல் அது வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டது. 1930 இல் நிறைவேறிய ரான்ஸ்டெல் சட்டம் அதற்குத் தேசிய சுகாதார நிறுவகம் எனப் பெயரிட்டது. இக்காலம் முழுவதும் அரசு தன் சொந்த ஆய்வுகூடத்திலே, தன் சொந்த உத்தியோகத்தரைக் கொண்டே ஆராய்ச்சி நடத்தியது. பல்கலைக்கழக அறிஞர்களோ தத்தம் பல்கலைக்கழகங்களின் வருவாயையும், ரொக்பெல்லர் போன்ற செல்வந்தர் நிறுவிய அறக்கொடை நிலையங்களையும் நம்பியிருந்தனர். அரசின் பணம் வருமிடத்து அரசின் கட்டளையும் வருமென்ற அச்சம் அறிஞர் பலரிடையே நிலவிற்று.

இந்நிலையில் முதன்மையான மாற்றத்தை ஏற்படுத்தியது 1937 ஓகஸ்ட் 5 ஆந் திகதி சனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற் கைச்சாத்திட்ட தேசியப் புற்றுநோய் நிறுவகச் சட்டமாகும். ஆண்டுக்கு 700,000 டொலர் வரை செலவிட அது இடமளித்தது. அரசுக்கு வெளியேயுள்ள அறிஞர்களுக்கு மானியம் வழங்கும் அதிகாரத்தையும், வெளி அறிஞரைக் கொண்ட ஆலோசனைச் சபையொன்றின் விதப்புரையைப் பெற்றே அதனை வழங்கும் முறையையும் அச்சட்டம் தோற்றுவித்தது. ஹாவாட் பல்கலைக்கழக இரசாயனவியல் அறிஞர் லூயிஸ் பீசர் இவ்வாறு முதலில் மானியம் பெற்றோருள் ஒருவர். பிற்காலத்தில் பல்லாயிரம் மானியங்களைத் தாங்கி நின்ற அமைப்பின் கரு இங்கேயே காணப்படுகின்றது.

போர்க்கால ஒப்பந்தத்திலிருந்து மானியத்துக்கு

இரண்டாம் உலகப் போர் இவ்வுறவை விரிவுபடுத்திற்று. 1941 ஜூன் மாதம் ரூஸ்வெல்ற் விஞ்ஞான ஆராய்ச்சி விருத்தி அலுவலகத்தை நிறுவிப் பொறியியலறிஞரான வன்னெவர் புஷ்ஷை அதன் தலைவராக்கினார். அதன் கீழமைந்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்குப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருந்தியலறிஞர் நியூற்றன் றிச்சட்ஸ் தலைமை தாங்கினார். பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் செய்து, பெனிசிலின், மலேரியா மருந்துகள், குருதித் திரவவிழையம் முதலியன பற்றிய ஆய்வுகளை இக்குழு ஊக்கிற்று. போர்முனையில் இவ்வாய்வுகள் ஈட்டிய வெற்றி, அரசின் பணம் பல்கலைக்கழக ஆராய்ச்சியைக் கெடுக்குமென்ற பழைய அச்சத்தைப் பெருமளவு போக்கியது.

போர் முடிவுறும் வேளையில், 1945 ஜூலையில், வன்னெவர் புஷ் தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசே நிலையான ஆதரவு வழங்கவேண்டுமெனவும், அதற்கெனத் தேசிய ஆராய்ச்சி மன்றமொன்று அமையவேண்டுமெனவும், மருத்துவ ஆராய்ச்சியும் அதன் ஒரு பிரிவாதல் வேண்டுமெனவும் அதில் அவர் விதந்துரைத்தார். பல ஆண்டுகளுக்கு நிலைத்து நிற்கும் நிதியின் இன்றியமையாமையையும் அவ்வறிக்கை வலியுறுத்தியது. ஆயின் அம்மன்றம் உடனே தோன்றவில்லை. மன்றத்தின் தலைவர் சனாதிபதிக்குப் பொறுப்புக் கூறவேண்டுமா என்ற வினா பெருந்தடையாயிற்று. அப்பொறுப்புக்கு இடமளிக்காத மசோதாவை 1947 இல் சனாதிபதி ட்றூமன் நிராகரித்தார். தேசிய விஞ்ஞான மன்றம் 1950 இலேயே பிறந்தது.

இதற்கிடையே மருத்துவ ஆராய்ச்சி வேறொரு வழியில் சென்றுவிட்டது. 1944 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டம், புற்றுநோய்க்கு மட்டும் வழங்கப்பட்டிருந்த மானிய அதிகாரத்தை ஏனைய நோய்களுக்கும் விரித்திருந்தது. அதனைப் பயன்படுத்திய நிறுவகத்தின் பணிப்பாளர் றொல்லா டயர், போர்க்காலத்து மருத்துவ ஒப்பந்தங்களுள் எஞ்சியவற்றை 1946 ஜனவரியில் பொறுப்பேற்றார். அவற்றை நிருவகிக்கக் காசியஸ் வான் ஸ்லைக் என்பவரின் பொறுப்பில் ஆய்வு மானிய அலுவலகம் அமைந்தது. ஒப்பந்தம் என்பது அரசு தனக்கு வேண்டியதைக் குறிப்பிட்டு விலைக்கு வாங்குவது. மானியம் என்பது ஆய்வாளர் தாம் ஆராய விரும்புவதை முன்வைக்க, அதன் தகுதி கண்டு அரசு உதவுவது. இவ்வேறுபாட்டைப் பேண இருபடி மதிப்பீட்டு முறை உருவாக்கப்பட்டது. துறைசார் அறிஞர்களைக் கொண்ட ஆய்வுக் குழுக்கள் விஞ்ஞானத் தகுதியை முதலில் அளவிட்டன. அதன்பின் பொதுமக்கள் பிரதிநிதிகளும் இடம்பெற்ற ஆலோசனைச் சபைகள் அவற்றைப் பரிசீலித்து விதப்புரை செய்தன. அரசு பணம் தரும், அறிஞர் தெரிவு செய்வர் என்ற இவ்வேற்பாடே பின்வந்த வரலாற்றின் அடித்தளமாகும்.

வளர்ச்சியின் இருபது ஆண்டுகள்

1947 இல் நிறுவகத்தின் மானியத் திட்டத்துக்குக் கிடைத்த தொகை நான்கு மில்லியன் டொலருக்குச் சற்று மேற்பட்டது. 1957 இல் அது நூறு மில்லியன் டொலரைக் கடந்தது. நிறுவகத்தின் முழு வரவு செலவுத் தொகையும் 1947 இன் எட்டு மில்லியனிலிருந்து 1966 இல் ஆயிரம் மில்லியன் டொலருக்கு மேலாக உயர்ந்தது. 1948 இல் தேசிய இருதயச் சட்டம் நிறைவேறியபோது, நிறுவகம் என்ற ஒருமைப் பெயர் நிறுவகங்கள் எனப் பன்மையாயிற்று.

இவ்வளர்ச்சிக்கு மனிதர் சிலரின் கூட்டுறவு பெரிதும் வழிகோலியது. அலபாமா மாநிலத்துச் செனற்றர் லிஸ்டர் ஹில், றோட் ஐலண்ட் மாநிலத்துப் பிரதிநிதி ஜோன் போகாட்டி ஆகியோர் முறையே இரு சபைகளிலும் சுகாதார ஒதுக்கீட்டு உபகுழுக்களுக்குத் தலைமை தாங்கினர். சனாதிபதி கேட்ட தொகைக்கு மேலாகவே கொங்கிரஸ் ஒதுக்கும் வழக்கத்தை அவர்கள் ஏற்படுத்தினர். நோய் ஒழிப்புக்காகப் பொதுமக்களிடையே ஆதரவு திரட்டிய மேரி லாஸ்கர் அம்மையாரும், 1955 தொடக்கம் 1968 வரை நிறுவகங்களின் பணிப்பாளராக விளங்கிய ஜேம்ஸ் ஷனனும் அவர்களுக்குத் துணைநின்றனர்.

எனினும் இவ்வளர்ச்சியின் உறுதி சட்டத்திலன்றிச் சில தனிமனிதரின் செல்வாக்கிலேயே தங்கியிருந்தது என்பது ஈண்டு கருதத்தக்கது. 1967 ஜனவரியில் போகாட்டி காலமானார். 1968 இல் ஷனன் ஓய்வு பெற்றார். 1969 ஜனவரியில் ஹில் செனற் சபையை விட்டு நீங்கினார். வியற்நாம் போரின் செலவும் அதே வேளையில் ஏறிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் தொகை பெருகும் என்ற எண்ணத்தில் விரிந்துவிட்ட ஆய்வுலகம், அப்பெருக்கம் நின்றபோது எதிர்கொள்ள வேண்டிய நிலை முதன்முறையாகத் தோன்றிற்று.

மானியத்தின் கணக்கு

அந்நிலையை விளங்கிக்கொள்ள மானியத்தின் கணக்கை நோக்குதல் வேண்டும். ஓர் ஆண்டில் ஒதுக்கப்பட்ட நூறு டொலரில் எண்பது டொலர், முன்னைய ஆண்டுகளில் வழங்கிய மானியங்களின் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுத் தவணைகளுக்குப் போகின்றது எனக் கொள்வோம். புதிய மானியங்களுக்கு எஞ்சுவது இருபது டொலர். அடுத்த ஆண்டில் மொத்தத் தொகை ஐந்து வீதம் குறைந்து தொண்ணூற்றைந்து டொலராகின்றது. பழைய வாக்குறுதிகள் காக்கப்படுமாயின் புதியவற்றுக்கு எஞ்சுவது பதினைந்து டொலரே. மொத்தத்தில் நேர்ந்த ஐந்து வீதக் குறைவு, புதிய மானியங்களில் இருபத்தைந்து வீதக் குறைவாகப் பெருகிவிடுகின்றது.

இக்கணக்கினின்றும் இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒதுக்கீட்டில் நிகழும் சிறு மாற்றமும் புதிய விண்ணப்பதாரர்மீது பன்மடங்காகச் சென்று விழும். இரண்டாவது, புதிய விண்ணப்பதாரருள் முதன்முறை விண்ணப்பிக்கும் இளம் ஆய்வாளரே மிகவும் நலிந்தவர். முதுநிலை அறிஞரிடம் முன்னைய மானியமொன்றேனும் கைவசம் இருக்கக்கூடும். இளையவருக்கு அத்தகைய பற்றுக்கோடு இல்லை. மறுதலையாக, பழைய வாக்குறுதிகளின் தவணைகளைக் குறைத்துப் புதியோருக்கு இடமளித்தால் நடைபெற்றுவரும் ஆய்வுகள் தடுமாறும். நிறுவகங்களின் நிருவாகிகள் இவ்விரு தீமைகளுக்கிடையிலேயே ஒவ்வொரு நெருக்கடியிலும் தெரிவு செய்ய வேண்டியவராயினர்.

பயன் எங்கே என்ற வினா

1966 ஜூன் மாதம் சனாதிபதி லிண்டன் ஜோன்சன், அடிப்படை ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை செலவாகியுள்ளதென்றும், பெற்ற அறிவை நோயாளரின் நலனுக்குப் பயன்படுத்தும் வேளை வந்துவிட்டதென்றும் கூறினார். வரி செலுத்தும் மக்களின் சார்பில் எழுந்த இவ்வினா நியாயமற்றதன்று. ஆயின் அதற்கான விடை எளிதாகக் கிட்டுவதுமன்று. இருதய, சுவாசப்பை நோய்களுக்கான சிகிச்சையில் ஏற்பட்ட பெரும் முன்னேற்றங்களுக்கு அடிகோலிய 529 முதன்மைக் கட்டுரைகளை யூலியஸ் கொம்றோ, றொபேட் டிறிப்ஸ் என்னும் இரு அறிஞர் ஆராய்ந்து 1976 இல் தம் முடிவை வெளியிட்டனர். அக்கட்டுரைகளுள் 41 வீதமானவை எழுதப்பட்ட வேளையில் அவற்றின் ஆசிரியர்கள் எந்த நோயின் சிகிச்சையையும் நோக்கமாகக் கொண்டிருக்கவில்லை. எந்த ஆய்வு எந்த நோய்க்கு உதவும் என்பதை முன்கூட்டி அறிதல் அரிதென்பதை இம்முடிவு உணர்த்திற்று.

ஆட்சியாளரின் போக்கு வேறு திசையில் அமைந்தது. 1971 ஜனவரியில் சனாதிபதி நிக்சன் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மேலதிகமாக நூறு மில்லியன் டொலர் கோரினார். அவ்வாண்டு டிசெம்பர் 23 ஆந் திகதி தேசியப் புற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. புற்றுநோய் நிறுவகம் தன் நிதித் தேவையை நேரே சனாதிபதியிடம் சமர்ப்பிக்கும் தனியுரிமை பெற்றது. அதன் ஒதுக்கீடு சில ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேலாக வளர்ந்தது. ஏனைய நிறுவகங்களுக்கு அத்தகைய வளர்ச்சி கிட்டவில்லை.

இதே நிக்சன் ஆட்சி 1973 ஜனவரியில் முன்வைத்த வரவு செலவுத் திட்டம், இளம் ஆய்வாளரைப் பயிற்றும் மானியங்களைப் படிப்படியாக நிறுத்த முற்பட்டது. உயர்ந்த வருமானம் ஈட்டப்போகும் தொழிலாளரின் பயிற்சிக்குப் பொதுமக்கள் பணம் தரவேண்டியதில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. கொங்கிரஸ் ஒதுக்கிய நிதியைச் செலவிடாது தடுத்துவைக்கும் வழக்கத்தையும் அவ்வாட்சி சுகாதாரம் உட்படப் பல துறைகளில் கையாண்டது. இவற்றுக்குக் கொங்கிரஸ் அளித்த மறுமொழி இரு சட்டங்களாகும். ஒன்று, ஆய்வுப் பயிற்சி மானியங்களை மீள உறுதிப்படுத்திய தேசிய ஆராய்ச்சிச் சட்டம். பயிற்சி பெற்றோர் தம் சேவையால் அதற்கு ஈடுசெய்ய வேண்டுமென்ற நிபந்தனை அதில் சேர்க்கப்பட்டது. மற்றையது, ஒதுக்கப்பட்ட நிதியைச் சனாதிபதி தன்னிச்சையாகத் தடுத்துவைப்பதைக் கட்டுப்படுத்திய சட்டம். இவ்விரண்டும் 1974 ஜூலை 12 ஆகிய ஒரே நாளிற் கைச்சாத்திடப்பட்டன. ஆராய்ச்சியின் வாக்குறுதியும் நிதி ஒதுக்கும் அவையின் அதிகாரமும் பிரிக்கமுடியாதன என்பதற்கு அந்நாள் சான்றாகும்.

1985: தொகை மாறாத வெட்டு

றீகன் ஆட்சியில் நிகழ்ந்த பூசலொன்று இக்கட்டுரையின் பொருளைத் தெளிவாக விளக்கவல்லது. 1985 ஆம் நிதியாண்டுக்குக் கொங்கிரஸ் ஒதுக்கிய தொகை சுமார் 6,500 புதிய, போட்டி மானியங்களுக்குப் போதுமானதாயிருந்தது. நிருவாகமோ எண்ணிக்கையை 5,000 ஆக வரையறுக்க விரும்பியது. ஒதுக்கிய பணத்தைத் தடுத்துவைப்பதற்கு 1974 ஆம் ஆண்டுச் சட்டம் இடையூறாக இருந்தது. ஆதலின் வரவு செலவுத் திட்ட அலுவலகம் வேறொரு வழி கண்டது. மானியங்கள் சிலவற்றுக்கு ஓராண்டுத் தவணைக்குப் பதிலாகப் பல ஆண்டுத் தவணைகளையும் ஒரே முறையிற் செலுத்துமாறு அது பணித்தது. ஐந்தாண்டு மானியமொன்றின் முழுத் தொகையும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதப்படுமாயின், ஐந்து மானியங்களின் முதலாண்டுத் தவணைகளுக்கு உரிய பணத்தை ஒன்றே விழுங்கிவிடும். பணம் முழுவதும் செலவாகும். மானியங்களின் எண்ணிக்கை குறையும்.

கொங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இவ்வேற்பாடு சட்டத்துக்கு ஒவ்வாதது எனக் கருத்துரைத்தது. இறுதியில் இரு தரப்பினரும் இரு எண்ணிக்கைகளுக்கும் இடைப்பட்ட இணக்கமொன்றுக்கு வந்தனர். செலவிடும் முறையை மாற்றுவதன் மூலமே ஆராய்ச்சியைச் சுருக்கமுடியும் என்ற படிப்பினையை இந்நிகழ்ச்சி விட்டுச்சென்றது.

இரட்டிப்பும் அதன் பின்விளைவும்

1998 தொடக்கம் 2003 வரையான ஐந்தாண்டுகளில் நிறுவகங்களின் ஒதுக்கீடு சுமார் 13,600 மில்லியன் டொலரிலிருந்து 27,000 மில்லியனுக்கு மேலாக உயர்ந்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பென்சில்வேனியச் செனற்றர் ஆளன் ஸ்பெக்ரர், சனநாயகக் கட்சியைச் சேர்ந்த அயோவாச் செனற்றர் ரொம் ஹாக்கின், இலினோய்ப் பிரதிநிதி ஜோன் போட்டர் ஆகியோர் கட்சி பேதமின்றி இதற்கு உழைத்தனர். பல்கலைக்கழகங்கள் புதிய ஆய்வுகூடங்களைக் கட்டின. அவற்றுட் சில கடன்பட்டும் கட்டின. புதிய பதவிகள் தோன்றின. அதிக எண்ணிக்கையில் ஆய்வு மாணவர் சேர்க்கப்பட்டனர்.

2003 இன் பின் வளர்ச்சி சடுதியாக நின்றது. ஆனால் பெருகிவிட்ட ஆய்வுலகம் சுருங்கவில்லை. 1998 இலிருந்து 2006 வரை விண்ணப்பங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இருமடங்காயிற்று. விண்ணப்பித்தோருள் மானியம் பெற்றோரின் வீதம் சுமார் 30 இலிருந்து 20 ஆக வீழ்ந்தது. பணவீக்கத்தைக் கழித்து நோக்கின், 2003 இலிருந்து 2015 வரை நிறுவகங்களின் கொள்வலு ஐந்திலொரு பங்குக்கு மேலாகக் குறைந்தது. கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வாளரொருவர் தமது முதலாவது பெரிய தனி மானியத்தைப் பெறும் சராசரி வயது 1980 இல் சுமார் 36 ஆக இருந்தது. இரட்டிப்பின் பின்வந்த ஆண்டுகளில் அது 42 ஆயிற்று. ஒருவரின் சிந்தனை புதுமையும் வேகமும் மிக்கிருக்கும் ஆண்டுகள், பிறர் ஆய்வுகூடத்திலே குறுங்கால நியமனங்களிற் கழிந்தன.

2009 இல் பொருளாதார மீட்புச் சட்டத்தின் கீழ் நிறுவகங்களுக்கு 10,400 மில்லியன் டொலர், இரண்டு ஆண்டுகளுக்குள் செலவிடவேண்டுமென்ற நிபந்தனையோடு கிடைத்தது. அதன் ஒரு திட்டத்துக்கு மட்டும் சுமார் 20,000 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் ஏறத்தாழ 840 மட்டுமே மானியம் பெற்றன. 2013 இல் அரசுச் செலவினங்கள் பலவற்றுக்கும் விதிக்கப்பட்ட பொது வெட்டு, நிறுவகங்களின் தொகையில் ஐந்து வீதத்தை, அதாவது 1,550 மில்லியன் டொலரைக் குறைத்தது. ஏறத்தாழ 700 போட்டி மானியங்கள் குறையுமென நிறுவகங்கள் மதிப்பிட்டன; வெற்றி வீதம் 17 அளவுக்கு இறங்கியது. வெள்ளமும் வரட்சியும் மாறிமாறி வரும் வயலில் விளைச்சலை மொத்த மழைவீழ்ச்சி கொண்டு கணிக்கவியலாதது போல, இவ்வாண்டுகளின் ஆராய்ச்சியையும் மொத்த ஒதுக்கீடு கொண்டு மட்டும் கணிக்கவியலாது.

நிபந்தனையின் மாற்றம்

பணத்தின் அளவு மாறாதபோதும் அதற்கு விதிக்கப்படும் நிபந்தனை மாறலாம். மனித முளையங்களிலிருந்து பெறப்படும் மூலக்கலங்கள் பற்றிய ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு. 2001 ஓகஸ்ட் 9 ஆந் திகதிக்கு முன் உருவாக்கப்பட்டிருந்த கல வழிகளைக் கொண்ட ஆய்வுகளுக்கு மட்டுமே அரசு நிதி கிடைக்கும் எனச் சனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அந்நாளில் அறிவித்தார். 2009 மார்ச்சில் சனாதிபதி ஒபாமா அக்கட்டுப்பாட்டை நீக்கினார். 2010 ஓகஸ்ட் 23 இல் நீதிமன்றமொன்று அந்நிதியுதவிக்குத் தடை விதித்தது. செப்டெம்பர் 9 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை இடைநிறுத்தியது. கலங்களை நாள்தோறும் பேணி வளர்க்க வேண்டிய ஆய்வாளர், பணம் உண்டா இல்லையா என்பதை அறியாது இரு வாரங்களுக்கு மேலாகக் காத்திருந்தனர்.

2025 ஆம் ஆண்டு

மேற்கூறிய போக்குகள் யாவும் 2025 இல் ஒருங்கே வெளிப்பட்டன. அவ்வாண்டு பெப்ரவரி 7 ஆந் திகதி, மானியங்களோடு பல்கலைக்கழகங்களுக்குத் தரப்படும் மறைமுகச் செலவின் வீதத்தை எல்லோருக்கும் 15 ஆக வரையறுப்பதாக நிறுவகங்கள் அறிவித்தன. கட்டடம், மின்சாரம், ஆய்வு விலங்குப் பராமரிப்பு, நிருவாகம் முதலியவற்றுக்கான இச்செலவுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1950களின் தொடக்கத்தில் 8 வீதமாகவிருந்த எல்லை பின்னர் 15 ஆகவும், 1963 இல் 20 ஆகவும் உயர்த்தப்பட்டது. 1966 இல் அவ்வெல்லை நீக்கப்பட்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துடனும் பேசி வீதத்தை நிர்ணயிக்கும் முறை வந்தது. இம்முறையில் முறைகேடுகளுக்கு இடமிருந்ததென்பது 1991 இல் நிகழ்ந்த விசாரணைகளால் வெளியாயிற்று. நிருவாகச் செலவுக்கு 26 வீத எல்லை அதன்பின் விதிக்கப்பட்டது. எனவே சீர்திருத்தக் கோரிக்கை புதியதன்று. ஏற்கெனவே நடைமுறையிலிருந்த மானியங்களுக்கும் சில நாட்களுள் அதனைப் பிரயோகிக்க முற்பட்டதே புதியது. மசச்சூசெற்ஸ் மாவட்ட நீதிமன்றம் அதனை உடனே இடைநிறுத்தி, ஏப்ரில் மாதத்தில் நிரந்தரத் தடையும் விதித்தது.

பெப்ரவரி இறுதியிலிருந்து, நடைபெற்றுக்கொண்டிருந்த மானியங்கள் பல, அமைப்பின் முன்னுரிமைகளுக்கு இனி ஒத்துவராதவை என்ற காரணத்தோடு முடிவுறுத்தப்பட்டன. மார்ச் மாதத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குரிய சுமார் 400 மில்லியன் டொலர் பெறுமதியான அரச மானியங்களும் ஒப்பந்தங்களும், விஞ்ஞானத் தகுதியோடு தொடர்பற்ற காரணங்களுக்காக இரத்துச் செய்யப்பட்டன. மானிய முடிவுறுத்தல்கள் பல சட்டவிரோதமானவை என மாவட்ட நீதிபதி வில்லியம் யங் ஜூன் 16 இல் தீர்ப்பளித்தார். ஓகஸ்ட் 21 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், பணத்தை மீளக் கோரும் வழக்குகள் வேறொரு நீதிமன்றத்துக்குரியன எனக் கூறி அத்தீர்ப்பின் ஒரு பகுதியை இடைநிறுத்தியது. அவ்வாண்டின் முடிவுறுத்தல்கள் 383 மருத்துவப் பரிசோதனைகளைப் பாதித்தன எனவும், அவற்றிற் பங்குபற்றியோர் 74,000 இற்கு மேற்பட்டோர் எனவும் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஆய்வு கணித்தது. தம் உடலை ஆய்வுக்கென ஒப்படைத்த நோயாளருக்கும் அம்மானியம் ஒரு வாக்குறுதியாக இருந்தது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

1985 ஆம் ஆண்டு வழியும் மீண்டும் கையாளப்பட்டது. எஞ்சிய நிதியில் பாதியளவையேனும், முழுக் காலத்துக்குமான பணத்தை முன்கூட்டியே செலுத்தும் மானியங்களுக்குச் செலவிடுமாறு 2025 இன் நடுப்பகுதியில் பணிக்கப்பட்டது. மொத்தத் தொகை குறையாதிருக்கவே புதிய மானியங்களின் எண்ணிக்கை இதனாற் குறைந்தது. 2026 ஆம் நிதியாண்டுக்கெனச் சனாதிபதி ட்ரம்ப் முன்வைத்த திட்டம் நிறுவகங்களின் தொகையில் ஏறத்தாழ 40 வீத வெட்டைக் கோரியது. செனற் சபையின் ஒதுக்கீட்டுக் குழு 2025 ஜூலையில் அதனை ஏற்காது, 400 மில்லியன் டொலர் அதிகரிப்பை ஆதரித்தது.

முடிவுரை

மக்களாட்சி நாடொன்றில் பொதுப்பணம் எதற்குச் செலவாகவேண்டுமெனத் தீர்மானிக்கும் உரிமை மக்களின் பிரதிநிதிகளுக்குண்டு. ஜோன்சன் எழுப்பிய வினாவும், மறைமுகச் செலவு பற்றிய விசாரணைகளும் அவ்வுரிமையின் பாற்பட்டனவே. விஞ்ஞானிகள் அவ்வுரிமைக்கு அப்பாற்பட்டவரல்லர். ஆயின் இனி எழுதப்போகும் வாக்குறுதியின் விதிகளை மாற்றுவதும், எழுதிக் கொடுத்த வாக்குறுதியை இடைநடுவில் கைவிடுவதும் வெவ்வேறு செயல்கள். 1974 ஆம் ஆண்டுச் சட்டங்கள் இவ்வேறுபாட்டைக் காக்க எழுந்தவை. 1985 இலும் 2025 இலும் நிகழ்ந்தவை அவ்வேறுபாடு எத்துணை எளிதில் மங்கக்கூடியது என்பதைக் காட்டுகின்றன.

இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பத் தோன்றும் இன்னொரு உண்மையும் உண்டு. 1973 இல் பயிற்சி மானியத்தை இழக்கவிருந்தோர், 2003 இன் பின் நாற்பது வயதைத் தாண்டியும் தமக்கென ஆய்வுகூடமின்றி இருந்தோர், 2025 இல் தொடக்கநிலையிலேயே வாய்ப்பிழந்தோர் ஆகிய யாவரும் பெரும்பாலும் இளைய ஆய்வாளர். கொள்கையை வகுத்தோர் அவர்களைக் குறிவைத்தாரில்லை. மானியத்தின் கணக்கே சுமையை அவர்கள்மேல் இறக்கிற்று. ஆய்வுத் துறையை விட்டகன்ற இளைஞர் எதனைக் கண்டறிந்திருப்பர் என்பதை எந்த அறிக்கையும் கணக்கிடமாட்டாது. ஆதலின் ஆராய்ச்சிக்கு எவ்வளவு கொடுப்பது என்ற வினாவோடு, கொடுத்த சொல்லை எத்தனை ஆண்டுகளுக்குக் காப்பது என்ற வினாவையும் அரசொன்று சேர்த்தே விடுத்தல் வேண்டும். பொதுப்பணத்தால் ஆராய்ச்சியைப் பேணும் நாடு எதுவாயினும், நிலையாக வரும் சிறு தொகை, வந்து வந்து நின்றுபோகும் பெருந்தொகையினும் பயனுடையதாதல் கூடும் என்பதே ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் உணர்த்தும் பாடமாகும்.